திம்பம் ஏறும்போது மிஸ் அடிக்கும் கார்: இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வியின் சாரம் இது. பல்லடத்தில் ஓடும் 2014 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், மீட்டரில் 82,000 கி.மீ. ஊருக்குள் பெரிய தொந்தரவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம், அவ்வளவுதான். சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏற ஆரம்பித்து மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி திக்குகிறது, முக்குகிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மினுக்குகிறது. பட்டறையில், “நாலு இன்ஜெக்டரும் அடைச்சிருச்சுங்க, ஒட்டுக்கா மாத்திப் போடலாமுங்க” என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் மிஸ் ஆகிறது என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்க்காமல் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) என்று சொன்னாலும் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது) என்று சொன்னாலும் ஜோசியம்தான். நாலு இன்ஜெக்டரும் ஒரே சமயத்தில் அடைத்துக்கொண்டால் ஊருக்குள்ளேயே வண்டி ஒழுங்காக ஓடாது. நீங்கள் சொல்லும் அறிகுறியும் பெட்ரோல் பக்கத்தைவிட ஸ்பார்க் பக்கத்தைத்தான் அதிகமாகக் காட்டுகிறது.

அதற்கு முன்னால் அந்த மினுக்கும் விளக்கு. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் “சீக்கிரம் பார்” என்று அர்த்தம். மினுக்கினால் “இப்போதே மிதிப்பதைக் குறை” என்று அர்த்தம். எரியாத பெட்ரோலும் அதோடு வந்த காற்றும் அப்படியே சைலன்சர் பாதைக்குப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகின்றன. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் 1,000 டிகிரிக்கு மேல் சூடேறி உருகிப்போகும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய செலவு பத்தாயிரக் கணக்கில் ஏறுவது இப்படித்தான். மலையில் மினுக்க ஆரம்பித்தால் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கி வாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அடமாக ஏறி முடிக்க வேண்டாம். ஓரங்கட்டும்போது காய்ந்த புல்லின் மேலோ சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்திலோ நிறுத்தாதீர்கள். கன்வர்ட்டர் அந்த நேரத்தில் தீ மூட்டும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை எரிகிறது. ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) 800 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 400 முறை. அதில் ஒரு சிலிண்டர் முழுதாகச் செத்திருந்தால் வினாடிக்கு ஆறேழு குத்து சீராக விழும். பானட்டைத் திறந்து வைத்து நின்று கேட்டால் தாளம் பிடிபடும். தாளம் சீராக இருந்தால் ஒரே சிலிண்டர்தான் குற்றவாளி. தாறுமாறாக, எப்போதோ ஒரு குத்து விழுந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று: பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, கிராங்க் சென்சார், டைமிங் செயின்.

எரிய மூன்று வேண்டும். நேரத்துக்கு ஸ்பார்க், அளவான பெட்ரோல்-காற்றுக் கலவை, போதுமான காம்ப்ரஷன் (பிஸ்டன் அந்தக் கலவையை அமுக்கும் அழுத்தம்). எப்போது திக்குகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். லோடு ஏறும்போது மட்டும் திக்கினால் முதல் சந்தேகம் ஸ்பார்க் மேல். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அடைபடும் காற்று அதிகம். அடர்த்தி கூடக்கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக், பிளக்கின் தலையை மூடும் ரப்பர் பூட்டில் விரிசல், சோர்ந்த காயில் இவையெல்லாம் சமதளத்தில் சமாளித்துவிடும், மேட்டில் கைவிட்டுவிடும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்தாலும் மேட்டில் இழுக்காது. ஆனால் அது நாலு சிலிண்டரையும் சேர்த்துப் பாதிக்கும், குத்துவதைவிட மூச்சு வாங்குவது போல இருக்கும். ஐடிலிங்கில் மட்டும் திக்கி, மிதித்தால் சரியானால் காற்றுக் கசிவு, இறுகிப்போன வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி), குறைந்த காம்ப்ரஷன் என்று தேட வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் திக்கினால் இரவெல்லாம் ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது சிலிண்டருக்குள் இறங்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). நன்றாகச் சூடான பிறகு மட்டும் வந்தால் காயில் அல்லது கிராங்க் சென்சார். பங்கில் பெட்ரோல் போட்ட அடுத்த 10 கிலோமீட்டரில் ஆரம்பித்தால் டேங்கில் தண்ணீர். சர்வீஸ் முடிந்து வந்த அன்றே ஆரம்பித்தால், ஏதோ ஒரு கனெக்டர் சரியாக ‘டிக்’ என்று உட்காரவில்லை.

இனி ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுக் கோடுகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். பி0300 என்றால் பல சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆகின்றன. பி0301, 0302, 0303, 0304 என்றால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பெரும்பாலான கார்களில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். கோட் எண்ணைப் படித்ததும் அழித்துவிடாதீர்கள். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோட் விழுந்த நொடியில் ஆர்.பி.எம். எவ்வளவு, லோடு எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று அதில் பதிந்திருக்கும். பட்டறையில் முதல் வேலையாக அதை அழித்துவிடுகிறார்கள், அதனால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி0351 முதல் 0354 வரை வந்தால் காயிலின் வயரிங், பி0201 முதல் 0204 வரை வந்தால் இன்ஜெக்டரின் வயரிங். பி0171 கூட இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு.

ஒரு எச்சரிக்கை. கிராங்க் சுற்றும் வேகத்தில் விழும் தடுமாற்றத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மிஸ்ஸை எண்ணுகிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் 180 டிகிரிக்கு ஒரு உந்து வர வேண்டும். வராத இடத்தைப் பார்த்து சிலிண்டரைக் கண்டுபிடிக்கிறது. தோண்டிப்போட்ட ரோட்டில் குலுங்கும்போது சக்கரத்திலிருந்து வரும் ஆட்டத்தையும் சில சமயம் மிஸ் என்று எண்ணிவிடும். ஒரே ஒரு தடவை விழுந்த கோட் எண்ணை நம்பி செலவு செய்யக் கூடாது.

ஸ்கேனர் இல்லையென்றாலும் வழி உண்டு. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் சட்டென்று தொங்கும். செத்த சிலிண்டரில் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது. கம்ப்யூட்டர் உடனே ஐடிலிங்கைத் தூக்கிவிடும், அதனால் கழற்றிய முதல் இரண்டு நொடியைத்தான் கவனிக்க வேண்டும். காயில் கனெக்டரைக் கழற்றியும் இதைச் செய்யலாம், ஆனால் அப்போது பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே போகாது. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது பழைய பட்டறைப் பழக்கம். இப்போதைய காயில்கள் 30,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியில் இரண்டாவது சிலிண்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் அமைப்பு என்றால் வேலை சுலபம். இன்ஜின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக் கழற்றினால் மரை உரிந்து வரும். கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுங்கள். பத்து வருட வெயிலில் பிளாஸ்டிக் மொறுமொறு என்று ஆகியிருக்கும். அவசரப்பட்டால் பூட்டு உடைந்து, கனெக்டர் பிறகு ஆட்டத்தில் கழன்று, புதிய மிஸ் ஒன்றை உண்டாக்கும். காயிலைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகத் திருகி அலுங்காமல் மேலே இழுங்கள். பிளக்கைத் தொடுவதற்கு முன் அந்தக் குழிக்குள் காற்றடியுங்கள். அடியில் மண்ணும் பஞ்சுத் தூசும் சேர்ந்திருக்கும். பிளக் வெளியே வந்ததும் அது நேராக சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும்.

இப்போது காயிலின் ரப்பர் பூட்டையும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா? ரப்பர் பூட்டின் உட்புறத்திலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறதா? இருந்தால் தேட வேண்டியது அத்தனையும் கிடைத்துவிட்டது. மின்பொறி பிளக்கின் நுனியில் தாண்டாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக வழிந்து இன்ஜின் உடம்புக்குப் போயிருக்கிறது. இந்தக் கோடு விழுந்த பிளக்கும் ரப்பர் பூட்டும் துடைத்தால் சரியாகாது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் இருக்கும் கோடு புதியதிலும் சில வாரத்தில் படிந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரும்பு உடம்புக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றி வட்டமாக இருக்கும் பழுப்புக் கறை வேறு. அது மின்புலத்தில் ஒட்டிய எண்ணெய்ப் புகை. நல்ல பிளக்கிலும் இருக்கும். அதைக் காட்டி “கேஸ் லீக்காகுதுங்க” என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பிளக்கின் மூக்கையும் படியுங்கள். வெளிர்ப் பழுப்போ சாம்பலோ இருந்தால் நலம். காய்ந்த கரி மாதிரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். பிசுபிசுவென்று எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். வெளுத்து, கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு. நாலில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்கி நீராவியாகக் கழுவுகிறது. பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டோடு சேர்ந்த குழி சீல் போய்விட்டது. எண்ணெயில் ஊறும் ரப்பர் பூட் உப்பி, வெடித்து, மின்சாரத்தை விட்டுவிடும். சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் அதே காயில் மறுபடி போகும்.

ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) பிளக் நுனியின் இடைவெளியை அளந்து பாருங்கள். பல பெட்ரோல் கார்களுக்கு 1.0 முதல் 1.1 மி.மீ.; உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கி.மீ. வரைதான். 82,000 கி.மீ. ஓடிய வண்டியில் பிளக் எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்கு நினைவில்லை என்றால், அநேகமாக மாற்றவே இல்லை. நுனி தேய்ந்து இடைவெளி அகன்றால், தாண்டுவதற்குத் தேவையான வோல்ட் ஏறும். காயில் ஒவ்வொரு தடவையும் தன் எல்லை வரை உழைக்கும். கடைசியில் உள்ளிருக்கும் காப்பு உடையும். காயில் போய்விட்டது என்று காயிலை மட்டும் வாங்கிப் போடுகிறவர்கள் ஆறு மாதத்தில் அடுத்த காயிலும் வாங்குவது இதனால்தான். இரிடியம் பிளக் 60,000 முதல் 1,00,000 கி.மீ. தாங்கும், ஆனால் அதன் ஊசி முனையைக் கேஜ் வைத்து நெம்பினால் உடைந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையா, இடம் மாற்றிப் பாருங்கள். காசு செலவே இல்லாத சோதனை இது; நிறையப் பேர் செய்வதே இல்லை. இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதுக்கும், இரண்டாவதின் பிளக்கை நாலாவதுக்கும் மாற்றுங்கள். அங்கிருந்து எடுத்தவற்றை இரண்டாவதில் போடுங்கள். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோட் எண்ணை அழித்துவிட்டு அதே மாதிரி மேட்டில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில். பி0304 வந்தால் பிளக். மறுபடியும் பி0302 என்றால் இரண்டும் நிரபராதி; இன்ஜெக்டர், வயரிங், காம்ப்ரஷன் மூன்றில் ஒன்று. ஒரே ஓட்டத்தில் இரண்டு கேள்விக்கு விடை.

பழைய மாடலாக இருந்து, ஒரு காயில் பேக்கிலிருந்து நாலு வயர் போகும் அமைப்பு என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அதில் பெரும்பாலும் 1-4 க்கு ஒரு காயில், 2-3 க்கு ஒரு காயில். ஒன்றும் நாலும் சேர்ந்து மிஸ் ஆனால் காயில் பேக். ஒன்று மட்டும் என்றால் வயர் அல்லது பிளக். வயரை மல்டிமீட்டரில் அளந்தால் சில கிலோ ஓம் காட்டும், நீளமான வயரில் கொஞ்சம் அதிகம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை வயர்கள் மேல் புகை மாதிரித் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரலில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் காலையில் மட்டும் திக்கி, வெயில் ஏறினால் சரியாகும் பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புது பிளக் மாட்டும்போது கடையில் வாங்கிய பெட்டியிலிருந்து நேராகப் போட்டுவிடாமல் நாலின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி மூடியிருக்கும், பீங்கான் உள்ளுக்குள் விரிந்திருக்கும். முதல் சுற்றுகளை விரலாலேயே, ஒரு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் சொருகித் திருகுங்கள். குறுக்கு மரை ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைத்துக்கொள்ளும். 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 14 மி.மீ. வாஷர் பிளக் விரலில் நின்ற பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக்குள். ஸ்பேனரில் பைப் சொருகி இறுக்குகிற பலசாலிகளுக்கு உரிந்த மரையைச் சரிசெய்யக் கோவையில் கணபதிப் பகுதி லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன. ஹெலிகாயில் (உரிந்த இடத்தில் செருகும் புது மரைச் சுருள்) போட்டுத் தருவார்கள், ஆனால் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம்.

கோட் நகரவில்லை, இரண்டாவதிலேயே நிற்கிறது என்றால் இப்போது இன்ஜெக்டர் பக்கம் போகலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். ஒன்று மட்டும் மந்தமாகவோ மௌனமாகவோ இருந்தால், இக்னிஷனை அணைத்துவிட்டு அதன் இரண்டு பின்னுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். வழக்கமான இன்ஜெக்டரில் 11 முதல் 18 ஓமுக்குள் இருக்கும். உண்மையில் முக்கியம் நாலும் ஒரே அளவில் இருப்பது. அளவு சரி, ஆனால் டிக் இல்லை என்றால் வயரிங். சாவியைத் திருப்பினால் ஒரு பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், மறு பின்னைக் கம்ப்யூட்டர் விட்டு விட்டு எர்த் செய்யும், எல்.இ.டி. டெஸ்ட் லேம்ப் மாட்டினால் மினுக்கும். சாதாரண பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைக் கம்ப்யூட்டர் வயரில் போடாதீர்கள்.

வயரிங் என்றதும் எலி. தோப்புச் சாளையிலும் தோட்டத்து வீட்டிலும் வண்டி நிற்கும் ஊர் இது. இன்ஜின் சூட்டுக்கு ராத்திரி எலி ஏறிப் படுத்துக்கொண்டு இன்ஜெக்டர் வயரைக் கடிக்கும். தேங்காய் நாரோ வேர்க்கடலைத் தோலோ இன்ஜின் மேல் கிடந்தால் வயர்க்கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். முழுதாக அறுந்தால் தெரிந்துவிடும். இரண்டு இழை மட்டும் மிச்சம் வைத்துக் கடித்திருந்தால் அதுதான் படுத்தும். வண்டி ஆடும்போது மட்டும் திக்கும். முறுக்கி டேப் சுற்றுவது போதாது. சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள்.

டிக் சத்தமும் வயரிங்கும் சரி, ஆனாலும் அந்த சிலிண்டர் பட்டினி என்றால் அடைப்பு. நாலையும் கழற்றி அல்ட்ராசோனிக்கில் கழுவி, அளவுக் குழாயில் ஓடவிட்டுப் பார்க்கும் மெஷின் கோவை, திருப்பூர், ஈரோட்டில் கிடைக்கும். கழுவுவதற்கு முன் ஒருதரம், கழுவிய பின் ஒருதரம் அளவுக் குழாயை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். நாலிலும் மட்டம் ஒன்றுபோல் வர வேண்டும். தெளிப்பு புகை மாதிரி விரிய வேண்டும், நூல் மாதிரி ஒழுகக் கூடாது. மூடிய பிறகு சொட்டக் கூடாது. கழுவியும் தேறாத இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் போதும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் எல்லாம் புதிது, மேலே ஒரு பூச்சு இன்ஜின் ஆயில். கழற்றும் முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

பெட்ரோலையும் ஒருதரம் சந்தேகப்பட வேண்டும். 2023 முதல் படிப்படியாக வந்திருக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். நோம்பிக்கு நோம்பி மட்டும் எடுக்கும் வண்டியின் டேங்கில் மாதக்கணக்கில் கால் டேங்க் பெட்ரோல் கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கலாம். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரைமணி நேரம் வைத்தால் அடியில் கோடு போட்டது போல அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதுதான் மருந்து.

காற்றுக் கசிவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். சிக்னலில் நடுக்கம் இருப்பதால் மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஸ்கேனரில் ‘லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்’ என்று ஒரு எண் இருக்கும்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது அது. கழித்தல் 10க்கும் கூட்டல் 10க்கும் இடையில் இருந்தால் சரி. ஐடிலிங்கில் கூட்டல் 20ஐத் தாண்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் சாதாரணமானால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது: வெடித்த வேக்கம் குழாய், பி.சி.வி. குழாய் (இன்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்கு இழுப்பது), இன்டேக் கேஸ்கெட். அதற்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போனால் பம்ப்போ ஃபில்டரோ பெட்ரோலைத் தரவில்லை. கசிவு தேட கார்புரேட்டர் க்ளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும், உறிஞ்சும் இடத்தில் சத்தம் மாறும்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்து வாசலில் நிறுத்தும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். பஞ்சால் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகாது. இழுவை குறையும், அதை மிஸ் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் சரி, பெட்ரோல் சரி, இன்னும் இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்றால் காம்ப்ரஷன். நாலு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, கேஜ் முள் ஐந்தாறு தடவை ஏறும் வரை ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் அளந்தால் எல்லாமே குறைவாகக் காட்டும். இந்தத் தப்பால் நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ.க்குள் வரும். மற்ற மூன்றைவிட ஒன்று கால் பங்குக்கு மேல் குறைந்தால் அங்கேதான் கோளாறு. ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்த சிலிண்டரில் ஊற்றி மறுபடி அளந்தால், முள் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றைச் செலுத்திக் கேளுங்கள். சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

கேஸ் கிட் போட்ட வண்டிக்கு ஒரு வார்த்தை. சி.என்.ஜி.யில் மட்டும் மிஸ், பெட்ரோலில் இல்லை என்றால் முதலில் பிளக் இடைவெளி. பெட்ரோலைவிட கேஸைப் பற்ற வைக்க அதிக வோல்ட் வேண்டும், அதனால் 0.7, 0.8 மி.மீ. ஆகக் குறைப்பார்கள். பிறகு கேஸ் ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர். இரண்டிலும் மிஸ் என்றால் வால்வு கிளியரன்ஸை அளக்கச் சொல்லுங்கள். கேஸில் எண்ணெய்ப் பசை இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தான் உட்காரும் சீட்டை அரைத்து உள்ளே இறங்கும், இடைவெளி மூடிப்போய் வால்வு முழுதாக அடையாது. சத்தம் வராமல் கெடும் கோளாறு இது. வால்வை அமுக்கும் டேப்பெட் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று ஏமாந்துபோவார்கள்.

டீசல் வண்டிக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஸ்பார்க் பிளக்கும் காயிலும் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய டீசலில் செய்தது போல காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) வண்டியில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். 1,000 பாருக்கு மேல் போகும் அந்த டீசல் ஊசி மாதிரித் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். மேட்டில் மட்டும், மினுக்கும் விளக்கோடு, பிளக் வரலாறு தெரியாமல் 82,000 கி.மீ. நான் வரிசை போட்டால் இப்படித்தான்: கோட் படிப்பது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றுவது. இந்த மூன்றும் அரை நாள் வேலை. வாங்குவது எதுவும் இல்லை. கறுப்புக் கோடோ தேய்ந்த நுனியோ தெரிந்தால் பிளக் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். காயிலில் போனது எதுவோ அதை மட்டும் மாற்றினால் போதும். பிளக்குக்கும் காயிலுக்கும் கோவை நஞ்சப்பா ரோடு கடைகளில் பாதி விலைக்குப் போலி சரக்கும் கிடைக்கும். பில் தராத கடையில் காயில் வாங்க வேண்டாம். பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: “ரெண்டாவது சிலிண்டர்தானுங்க மிஸ்ஸு, காயிலும் பிளக்கும் மாத்திப் பாத்தாச்சு, கோட் இப்படி வருது.” போட்டோவைக் காட்டுங்கள். அதற்கு மேலும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கழுவுவதற்கு முன்னால் எடுத்த அளவுக் குழாய் மட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை முடிந்து கோட் எண்ணை அழித்த பிறகு திம்பத்துக்கே போய்ச் சோதிக்க வேண்டியதில்லை. போக்குவரத்து இல்லாத ஒரு மேட்டில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக மிதித்து 4,000 வரை இழுங்கள், மூன்று தடவை. ஸ்கேனரில் ‘பெண்டிங் கோட்’ (இன்னும் உறுதியாகாத கோட்) பக்கம் காலியாக இருக்க வேண்டும். அதே இழுப்பில் குத்தில்லாமல், ஆனால் மேலே போகப்போக அடைத்தது போல வேகம் ஏற மறுத்தால், மிஸ் சரியாகிவிட்டது, ஆனால் கன்வர்ட்டர் ஏற்கெனவே உருகியிருக்கலாம். ஓரமாக நிறுத்தி, கன்வர்ட்டரின் உறையை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே பீங்கான் துண்டு கலகலவென்று உருளும் சத்தம் கேட்கலாம்.